வீட்டில் எத்தனை பேர்?

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என் முட்டிவலி நலம். அங்கே உன் முட்டிவலியும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். மற்ற உறுப்புகளைப் பற்றித் தனியாக எழுதவும்.

உன் பேச்சைத் தட்டாமல், இங்கே வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் திரை வழியாக முதல் வகுப்பை எடுத்து முடித்துவிட்டேன். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலை பார்க்கிற மலையில் பாதி தூரம் ஏறுவதற்குள் சிக்னல் மூச்சை விட்டுவிடுகிறது. அறக்கட்டளைக்காரர்கள் உன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக் கொடுத்த நெட்டும் சனிக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைக்க மாட்டேன் என்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் முன்னால் குடும்பக் கதை பேசக் கூடாது என்று நீ வேறு உத்தரவு போட்டிருக்கிறாய். ஆகவே வாரம் ஒருமுறை ஜீப்பில் ஏறி வரும் தபாலே நமக்குத் துணை.

இருபத்தாறு வருஷமாக இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிறவன் நான். எதிரில் உட்கார்ந்து அழுகிறவரின் கண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு மலைக்குடிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடு என்ற உன் தைரியத்தை மெச்சுகிறேன்.

பாடத்தை அறக்கட்டளையே அனுப்பியிருந்தது. 'என்னைப் பற்றி' என்று தலைப்பு. உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, அவர் என்ன வேலை செய்கிறார், வீடு எங்கே, வீட்டில் எத்தனை பேர். பதினாலு பேரையும் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டேன். ஆபீஸ் பழக்கம் விடுமா? யார் என்ன சொன்னார்கள் என்று நீல நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டேன். நோட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

உன் தம்பி

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். முட்டியைப் பற்றிப் பேச இங்கே நேரமில்லை. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான்.

நீ ஒப்புக்கொண்டதற்கு நன்றி. விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். ஜனவரியில் பள்ளி ஆய்வாளர் வருகிறார். அன்றைக்குப் பெஞ்சில் பத்துத் தலைக்குக் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகளை அடிவாரத்து விடுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஆறு வயசுக் குழந்தை அம்மாவை வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பார்க்கும். இந்தப் பதினாலு பேரையும் பள்ளிக்கு வரவைக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? 'அண்ணி' என்று அவள் ஒரு வரி எழுதி எத்தனை மாதமாகிறது! உன் கடிதத்தின் அடியில் இரண்டு வரி கிறுக்கச் சொல்.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பிள்ளைகள் புளுகுகிறார்கள்.

என்னிடம் ஆதாரம் இருக்கிறது. முன்பல் இல்லாத அந்தப் பயலை எடுத்துக்கொள். முதல் வாரம் அவன் அப்பா லாரி டிரைவர். இரண்டாவது வாரம் தையல்காரர். மூன்றாவது வாரம் செத்துப்போனார். நான் துக்கத்தோடு 'சாரி' சொல்லி, மற்ற பிள்ளைகளையும் சொல்ல வைத்தேன். நாலாவது வாரம் செத்தவர் எழுந்து லாரி ஓட்டப் போய்விட்டார்! சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பெண்ணின் வீடு ஆற்றங்கரையிலிருந்து மலை உச்சிக்கு ஏறி, இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. அவள் வீட்டில் நாலு பேர், ஒன்பது பேர், இரண்டு பேர். போன வாரம் கேட்டதற்கு 'மெனி' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பெயர்களும் வாரம் ஒரு தினுசு.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பொய்க்கு நிறைய வார்த்தை வேண்டியிருப்பதால் அவர்களுடைய இங்கிலீஷ் பிரமாதமாக வளர்கிறது. என் ஆபீஸில் இவ்வளவு சரளமாகப் பொய் கிளெய்ம் எழுதுகிறவர்கள் இல்லை.

இவர்கள் உண்மையிலேயே உன் பிள்ளைகள்தானா?

அவள் எழுத நினைத்தாள், கையில் மாவு. அடுத்த தடவை எழுதுவாள்.

உன் சந்தேகப்பிராணி

ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

சுகம்தான். மழை விடவில்லை.

குழந்தைகள் என்றால் விளையாட்டு இருக்கத்தான் செய்யும். அதையெல்லாம் நோட்டில் எழுதி வைக்காதே. நோட்டே வேண்டாமே. அப்பா என்ன செய்கிறார், வீடு எங்கே என்பதை விட்டுவிட்டுப் பறவை, பூ, நிறம் என்று எதையாவது சொல்லிக்கொடேன்.

போன சனிக்கிழமை பதினொரு பேர்தான். மழை காரணமாக இருக்கலாம்.

அவளுக்கு மாவுக் கை இன்னும் காயவில்லையா?

அக்கா

ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் நலமா என்று கேட்க வேண்டும். எல்லோரும் என்றால் யார் யார் என்பதுதான் இப்போது கேள்வியே.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. மழையைப் பற்றி எழுதுகிறாய். கிளெய்ம் போட்டவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோப்பை இறுக்கிப் பிடி என்பது என் தொழில் பாலபாடம். 'நோட்டு வேண்டாம்' என்கிறாய். நோட்டு வேண்டாம் என்று என்னிடம் இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் எதையோ எரித்தவர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துத் தலை வேண்டும். பெயர் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அப்பா மாறுகிறார், வீடு மாறுகிறது. அக்கா, நேரடியாகவே கேட்கிறேன். வேறு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்து ஆய்வாளர் வருகைக்கு ஒத்திகை பார்க்கிறாயா? பாவம், உன் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் வகுப்பை நடத்துகிற அறக்கட்டளைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். கிழிக்கவும் மனசில்லை, அனுப்பவும் மனசில்லை.

நேற்று ஒன்பது பேர். அதற்கும் மழையா?

தம்பி

(அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.)

செப்டம்பர் 14

டேய்,

சுகமாவது மண்ணாவது. சின்ன வயசில் நான் திருடாத பென்சிலுக்கு என் பையைக் குடைந்தவன்தானே நீ. ஐம்பத்திரண்டு வயசாகியும் அந்தக் கை இன்னும் என் பைக்குள்ளேயே இருக்கிறது.

உனக்கு மனசு கஷ்டமாக இருக்குமே என்றுதான் எழுதாமல் இருந்தேன். இப்போது கேள்.

பிள்ளைகள் என் பிள்ளைகள்தான். பொய் சொல்கிறார்கள் என்பதும் உண்மைதான். உன்னிடம் சொன்ன பெயர் ஒன்றுகூட நிஜமில்லை. ஒருத்தி சொன்னது அவள் வீட்டு ஆட்டின் பெயர். முன்பல் சொன்னது போன வருஷம் மாற்றலாகிப் போன வனத்துறை அதிகாரியின் பெயர். சட்டை போட்டவன் எவனாவது நோட்டை வைத்துக்கொண்டு பெயர், அப்பா, வீடு என்று கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா அப்பா சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

நான் இங்கே வருவதற்கு முந்தின வருஷம் ஒருவர் வீடு கணக்கெடுக்க வந்தார். நல்ல மனுஷர், சிரித்த முகம், கையில் மிட்டாய், நோட்டு. பெரியவர்கள் வாய் திறக்கவில்லை என்றதும் குழந்தைகளிடம் கேட்டார். அதே ஐந்து கேள்வி. வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு நாலு வயசுக் குழந்தை ஒன்று, 'தேன் எடுக்கிற மாசத்துல யாருமே இருக்க மாட்டோம், எல்லாரும் காட்டுக்குள்ள போயிருவோம்' என்றது. உண்மையைத்தான் சொன்னது. அவர் அதை 'ஆள் வசிக்காத வீடுகள்' என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் மேல்வரிசை ஏழு வீட்டையும் பிரித்துவிட்டு, ஆட்களை ரோட்டோரத் தகரக் கொட்டகைக்கு இறக்கினார்கள். அந்தக் குழந்தை உன் வகுப்பில் இருக்கிறது. நீ எது கேட்டாலும் வாயைத் திறக்காமல் பார்க்கிறதே, அதேதான்.

நீ அதே கேள்வியை அதே வரிசையில், சிரித்துக்கொண்டே கேட்டாய். நோட்டில் வேறு எழுதினாய். 'டீச்சரோட தம்பி எந்த ஆபீஸ்?' என்று கேட்கிறார்கள். இன்ஷூரன்ஸ் என்றால் அதுவும் ஆபீஸ்தானே என்கிறார்கள். உன்னால்தான் பெஞ்சு காலியாகிறது, மழையால் இல்லை.

ஒருங்கிணைப்பாளர் அம்மாளுக்கு அனுப்புவதாக இருந்தால் இதையும் சேர்த்து அனுப்பு.

அக்கா

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை கூசுகிறது.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நோட்டையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். இல்லை, அதுவும் யார் கையிலாவது போய்ச் சேருமே என்று பாதி வழியில் ஓடிப்போய் வாங்கி வந்து, வாளியில் ஊறவைத்துக் கூழாக்கினேன். எடைக்குப் போட்டதைத் திரும்பக் கேட்கிறவனை அவர் எப்படிப் பார்த்தார் தெரியுமா? சந்தேகமாக.

'ஆள் வசிக்காத வீடு' எனக்கு அறிமுகமான வாசகம். வீட்டில் திருடு போனது என்று வருகிற கிளெய்ம்களைத் தள்ளுபடி செய்ய என் மேஜையில் அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பே இருக்கிறது. எத்தனை குத்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பாதியிலேயே எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒரு யோசனை. இனி நான் கேட்கவில்லை, அவர்கள் என்னைக் கேட்கட்டும். அம்மா அப்பாக்களும் வரட்டும், என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். பிள்ளைகள் அதை இங்கிலீஷில் கேட்க, நான் பதில் சொல்கிறேன். நீ மொழிபெயர்த்துச் சொல். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

அவளும் உன்னை விசாரித்தாள்.

தம்பி

அக்டோபர் 26

அன்புள்ள தம்பிக்கு,

முட்டிக்குத் தைலம் வந்தது. நன்றி.

நாலு வாரமாக உன்னைக் கேள்வி கேட்டாயிற்று. நீ அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். ஆனால் இந்தப் பக்கம் நெட் போன பிறகுதான் கச்சேரி ஆரம்பித்தது. போன சனிக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முன்பல் சொன்னான்: "டீச்சர், சம்சாரம் சமையல் ரூம்ல இருக்காங்கன்னாரு. குக்கர் விசில் அடிச்சா அவரே எழுந்து ஓடுறாரு. அவங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்கும். நல்லா பாடுவாங்கன்னு போன வாரம் சொன்னாரே" என்றான் இன்னொருவன்.

"பாட்டும் கேக்கல, பாத்திரச் சத்தமும் கேக்கல" என்றாள் ஒரு குட்டி.

சிவப்பு ஸ்வெட்டர் எழுந்து, "அவர் பின்னாடி சுவத்துல தேதி கிழிக்கிற காலண்டர் இருக்குல்ல? முதல் நாள்லேர்ந்து பதினேழுதான். நான் 'செவன்டீன்' எழுதக் கத்துக்கிட்டதே அதைப் பார்த்துத்தான்" என்றாள்.

கதவோரம் நின்ற அவள் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டதுக்கு 'டூ'ன்னாரு. ரெண்டு பேர் இருக்கிற வீடு இல்லம்மா அது. நாங்களும்தான் பொய் சொல்றோம். எங்களுக்குக் காரணம் இருக்கு. அவருக்கு என்ன காரணம்? காரணம் தெரியாத பொய்னாதான் எங்களுக்குப் பயம். சரியாச் சொல்லட்டும், பிள்ளைங்களை அனுப்புறோம்."

அன்று ஆறு பேர்தான் இருந்தார்கள். ஆய்வாளர் வருகிற தேதி ஜனவரி பன்னிரண்டு.

என்ன காரணம், தம்பி?

அக்கா

நவம்பர் 30

தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து தபால் இல்லை. ஜீப்காரர் என்னைப் பார்த்ததும் கையை விரிக்கிறார். சனிக்கிழமைகளில் மட்டும் திரையில் வந்து பூ, பறவை, நிறம் சொல்லிவிட்டுப் போகிறாய். காலண்டர் இருந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. அதையும் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

நேற்று நாலு பேர்.

அக்கா

டிசம்பர் 7

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

மார்ச் பதினேழாம் தேதி அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தேதி கிழிக்கிறது எப்போதும் அவள்தான். மாவுக் கை, கோயில், விசாரித்தாள் என்று எழுதியதெல்லாம் என் கைச்சரக்கு. இத்தனை வருஷம் பொய் கிளெய்ம் பார்த்தும், ஒன்றை ஒழுங்காகத் தயாரிக்கத் தெரியவில்லை பார். எட்டு வயசுப் பெண் இரண்டு பார்வையில் தள்ளுபடி செய்துவிட்டாள்.

பெரிய சண்டை ஒன்றுமில்லை. காய்கறி வாங்க ஏன் ஐம்பது நிமிஷம் ஆயிற்று என்று கேட்டேன். வழியில் யாரைப் பார்த்தாய் என்றேன். தையல் கடைக்குப் போனாள் என்றால் ரசீதைக் கேட்டேன். தப்பாக நினைத்துக் கேட்கவில்லை அக்கா, வாய் தானாகக் கேட்கிறது. அன்றைக்குக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நான் உங்களுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கேனா, இல்ல கிளெய்ம் போட்டிருக்கேனா? இருபத்திமூணு வருஷமா நிரூபிச்சுக்கிட்டே இருக்கேன், இன்னும் பாஸாகல" என்றாள். சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாள். எந்த பஸ் என்ற கேள்வி வாய்வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அது ஒன்றுதான் நான் கேட்காமல் விட்டது.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். அந்தம்மாவிடம் சொல்.

இல்லை, நானே சொல்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் வருகிற சனிக்கிழமை எல்லோரையும் வரச் சொல். என் மனைவி வீட்டில் இல்லை, நான் அதிகமாகக் கேள்வி கேட்டேன், அதனால் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், எப்போது வருவாள் என்று தெரியாது. நாலு வரி இங்கிலீஷ். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற இங்கிலீஷ்தான். நீ கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தால் போதும். எனக்காக எதையும் பூசி மெழுகாதே.

தம்பி

ஜனவரி 18

என் அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு. குக்கரைத் தவிர வேறு பாத்திரமும் உலகத்தில் உண்டு.

நீ சொன்ன நாலு வரியையும் அப்படியே சொன்னேன். நெட் போன பிறகு யாரும் எழுந்து போகவில்லை.

"பேப்பரைப் பார்த்துப் படிக்கிறாரே, நம்பலாமா?" என்றாள் ஸ்வெட்டர்காரியின் அம்மா.

"தப்புத் தப்பாப் படிச்சாரும்மா. மூக்கை வேற துடைச்சாரு. நம்பலாம்" என்றாள் மகள்.

மூன்றாவது வாரம் செத்துப்போன லாரி டிரைவரும் வந்திருந்தார். உண்மையில் அவருக்கு லாரியும் கிடையாது, தையல் மிஷினும் கிடையாது. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "இத்தனை வருஷமா எத்தனையோ ஆபீஸ் ஆளுங்க வந்துட்டாங்க. 'எனக்குத் தெரியாது'ன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. இந்த ஆள் சொல்றாரு. ஆபீஸ்ல வேலை பார்த்தாலும் ஆபீஸ் ஆள் இல்ல போல" என்றார். போல என்றுதான் சொன்னார். அதற்கு மேல் இப்போதைக்கு எதிர்பார்க்காதே.

அடுத்த வாரம் ஏழு பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் ஒன்பது. ஆய்வாளர் வந்த அன்றைக்குப் பன்னிரண்டு. அவர் இரண்டு தடவை எண்ணினார், மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இந்த வருஷம் பள்ளிக்கூடம் மூடவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளை அவர்கள் வீட்டார் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு உன் மேல் நம்பிக்கையில்லை, என் மேலும் இல்லை. அவர்களைத் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

உன் வீட்டுக்காரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே. கேட்டால் வியாதி இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

அக்கா

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை ஒப்புக்குச் சொல்லவில்லை.

நீ அவளுக்கு என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நாலு தடவை பேனாவை மூடி வைத்தேன். செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றாள். "சாப்பிட்டேன்" என்றேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை, எங்கிருந்து பேசுகிறாய் என்று நானும் கேட்கவில்லை. அவள்தான் முதலில் வைத்தாள். இன்றைக்கு மறுபடி கூப்பிடுவாளாம்.

நேற்று நீ புத்தகக் கட்டு வாங்கக் கீழே இறங்கியிருந்தாய் அல்லவா? வகுப்பைப் பிள்ளைகளே நடத்திக்கொண்டார்கள். பதின்மூன்று பேர். வாய் திறக்காத அந்தக் குழந்தை நேற்றும் திறக்கவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் திறக்க மாட்டேன்.

முடிகிற நேரத்தில் முன்பல் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தான். இனி அவனை முன்பல் என்று கூப்பிட முடியாது, இரண்டும் முளைத்துவிட்டன. திரும்பிக் கதவைப் பார்த்தான். யாரும் இல்லை. "சார், மை நேம் இஸ்" என்று ஆரம்பித்து ஒரு பெயரைச் சொன்னான். ஆட்டின் பெயர் இல்லை, அதிகாரியின் பெயரும் இல்லை, இதுவரை நான் கேட்காத பெயர். நான் எதுவும் கேட்காமலே சொன்னான் அக்கா. சொல்லிவிட்டு, நான் எழுதிக்கொள்கிறேனா என்று என் கையையே பார்த்தான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். கடிதம் ஜீப்பில் வருகிறது, எத்தனை கை மாறுமோ. உன் பதிவேட்டில் இருக்கிற பெயரும் அதுதானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேட்க மாட்டேன்.

உன் தம்பி